பல்லும் இரத்தமும்

உங்களுக்கு முதல் பால்பல் விழுந்த நாள் நினைவிருக்கிறதா? நாக்கால் தள்ளித் தள்ளி அதை அசைத்துக்கொண்டே இருந்தீர்கள். ஒரு நாள் அது கையோடு வந்துவிட்டது. பாட்டி அதைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியச் சொன்னார். வாயில் சிறிது இரத்தம் கசிந்தது. சில நிமிடங்களில் அதுவும் நின்றது. மாலைக்குள் எல்லாவற்றையும் மறந்துவிட்டீர்கள்.

இரத்தம் ஏன் நின்றது என்று அன்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இப்போது வேறொரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே சென்றால் கச்சிராயபாளையம்; அதையடுத்துக் கோமுகி அணை; அங்கிருந்து வளைந்து வளைந்து மேலேறும் மலைச்சாலை. மேலே கரியாலூர், வெள்ளிமலை. அவற்றுக்கும் அப்பால், கல்வராயன் மலையின் மடிப்பு ஒன்றில் அவனுடைய சிற்றூர். மாலையில் அவனுக்குப் பல் விழுந்தது. இரவு படுக்கும்போதும் இரத்தக் கசிவு நிற்கவில்லை. விடிந்து பார்த்தால் அவன் படுத்திருந்த துணி நனைந்திருக்கிறது. வாயில் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி தொங்குகிறது. அதைத் துடைத்தால் மீண்டும் இரத்தம். தாய் என்ன செய்வாள்? எங்கே போவாள்?

இந்தச் சிறுவன் கற்பனைதான். ஆனால் இவனைப் போன்ற குழந்தைகள் உலகின் எல்லா மூலைகளிலும் பிறக்கிறார்கள். பரம்பரை இரத்த நோய்களின் வரலாற்றைப் புரட்டும்போது வியப்பான செய்தி ஒன்று கண்ணில் படுகிறது. இந்நோய்கள் பலமுறை தம்மை முதலில் காட்டிக்கொண்ட இடம் வாய். அவற்றுக்கான மருந்துகள் சில ஆரம்ப நாள்களில் சோதிக்கப்பட்ட இடமும் பல் பிடுங்கிய குழியே. இரத்தத்தின் கதையைப் பல்லின் வழியாகச் சொல்லிவிடலாம் என்றால் அது மிகையாகாது. அந்தக் கதையைத்தான் இங்கே காண்போம்.

இரத்தம் எப்படி நிற்கிறது?

காயம் பட்டவுடன் இரத்தக்குழாய் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. உடனே இரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கின்றன. இது தற்காலிக அடைப்பு. வாய்க்கால் உடைந்தால் முதலில் கையில் கிடைத்த மண்ணை அள்ளிப் போடுகிறோம் அல்லவா? அதைப் போன்றது. அதன்மேல் வைக்கோலும் களிமண்ணும் சேர்த்து அணைத்தால்தான் கரை நிலைக்கும். அந்த வைக்கோலின் வேலையைச் செய்வது ஃபைப்ரின் என்னும் நார்ப்பொருள். இந்த நார் வலை உருவாவதற்கு இரத்தத்தில் உறை காரணிகள் பல வரிசையாக வேலை செய்ய வேண்டும். அறிவியலார் அவற்றுக்கு ஒன்று முதல் பதின்மூன்று வரை எண் இட்டனர்; ஆறாம் எண் பிற்காலத்தில் நீக்கப்பட்டதால் பட்டியலில் இருப்பவை பன்னிரண்டே.

இவற்றுள் எட்டாம் காரணி குறைந்தால் ஹீமோஃபீலியா ஏ. ஒன்பதாம் காரணி குறைந்தால் ஹீமோஃபீலியா பி. முதல் வகை சுமார் 5000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு உண்டாகிறது. இந்நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட வேகமாக இரத்தம் கொட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. வேகம் ஒன்றுதான், நிற்பதற்குத்தான் வழியில்லை. தட்டணு அடைப்பு முதலில் சரியாகவே அமையும். சில மணி நேரம் கழித்து, வலுவான நார் வலை இல்லாததால் அது சரிந்துவிடும்.

அதிலும் வாய் ஒரு பொல்லாத இடம். கையில் வெட்டுப்பட்டால் கட்டுப் போடலாம். வாயில் எப்படிக் கட்டுவது? அங்கே எப்போதும் ஈரம். நாக்கு ஓயாமல் துழாவுகிறது. உணவு வந்து உரசுகிறது. போதாக்குறைக்கு, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் பொருள்கள் உமிழ்நீரிலும் வாய்த் திசுக்களிலும் இருக்கின்றன. ஆகவேதான் உடலின் வேறெங்கும் தொல்லை தராத மென்மையான ஹீமோஃபீலியாகூட ஒரு பல்லைப் பிடுங்கிய அன்று வெளிப்பட்டுவிடுகிறது.

பழங்காலக் குறிப்புகள்

சுமார் 1000 ஆண்டுகளுக்குமுன் ஸ்பெயின் நாட்டுக் கார்டோபா நகரில் வாழ்ந்தவர் அல் சஹ்ராவி என்னும் அராபிய அறுவை மருத்துவர். காயம்பட்ட ஆண்கள் இரத்தம் நிற்காமல் இறந்துபோகும் ஒரு சிற்றூரைப் பற்றி அவர் எழுதி வைத்தார். அவ்வூர்ச் சிறுவர்கள் ஈற்றை அழுத்தித் தேய்த்தாலே இரத்தம் பெருகி இறந்தனர் என்பதும் அக்குறிப்பில் உண்டு.

1803 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர மருத்துவர் ஜான் கான்ராட் ஆட்டோ ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். நோய் வருவது ஆண்களுக்கு. அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்வது நோயில்லாத பெண்கள் என்று அவர் கண்டார். இன்று நாம் இதன் காரணத்தை அறிவோம். எட்டாம், ஒன்பதாம் காரணிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது ஈடுகட்டும். ஆணுக்கு இருப்பதோ ஒன்று. பழுதான மரபணுவைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. நோயுற்றவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்திருக்காது. எனவே ‘எங்கள் வம்சத்தில் இல்லை’ என்று எவரும் சொல்லிவிட முடியாது.

கடுக்காயும் கண்ணாடி விரியனும்

அந்நாள் மருத்துவர்களிடம் என்ன மருந்து இருந்தது? துவர்ப்புப் பொருள்கள் இருந்தன. கல்வராயன் மலைக்காட்டிலிருந்து மக்கள் பொறுக்கிவந்து விற்கும் பொருள்களில் கடுக்காய் முக்கியமானது. அதன் துவர்ப்புக்குக் காரணம் டானின். தோலைப் பதனிடுவதும் அதுவே. ஈற்றின் மேல்தோலைச் சுருங்கச் செய்வதும் அதுவே. நம் வீடுகளில் கடுக்காய்த் தூளால் பல் தேய்த்தார்கள். ஐரோப்பிய மருத்துவர்கள் டானிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துப் பல் குழியில் அடைத்தார்கள். சாதாரணக் கசிவுக்கு இது உதவும். ஆனால் இல்லாத எட்டாம் காரணியைக் கடுக்காய் உண்டாக்கிவிடாது. மேற்பரப்பு சுருங்கும், உள்ளே நார் வலை பின்னப்படாது.

ஹீமோஃபீலியா உள்ளவரின் பல்லைப் பிடுங்க அஞ்சிய மருத்துவர்கள் வேறொரு தந்திரமும் செய்தார்கள். பல்லின் கழுத்தில் சிறு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக வேரை நோக்கி நகர்ந்து, வாரக்கணக்கில் பல்லைத் தளர்த்தித் தானே விழச் செய்யும். வலி மிகுந்த வழிதான். ஆனால் உயிருக்கு அவ்வளவு ஆபத்தில்லை என்று கருதினர்.

இனி வரும் செய்தி உங்களை வியப்பில் ஆழ்த்தும். 1934 ஆம் ஆண்டில் லண்டனில் குவின் மாக்ஃபர்லேன் என்ற இளம் மருத்துவரும், லண்டன் விலங்குக்காட்சிச் சாலையின் ஊர்வனப் பிரிவுத் தலைவர் பர்ஜஸ் பார்னெட்டும் சேர்ந்து பாம்பு நஞ்சுகளைச் சோதித்தனர். ஒவ்வொன்றாக ஹீமோஃபீலியா இரத்தத்துடன் கலந்து பார்த்தனர். ஒரு பாம்பின் நஞ்சு மட்டும், 10,000 பங்கு நீரில் ஒரு பங்காகக் கரைத்தபோதும், உறைய மறுத்த அந்த இரத்தத்தைச் சில நொடிகளில் உறைய வைத்தது. அது எந்தப் பாம்பு தெரியுமா? நம் கரும்புத் தோட்டத்திலும் நெல் வயலிலும் உழவரை அச்சுறுத்தும் கண்ணாடி விரியன்! 1785 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றி, 1796 இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி நூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸலின் பெயரால்தான் ஆங்கிலத்தில் அதை இன்றும் அழைக்கிறார்கள்.

நீர்த்த நஞ்சில் நனைத்த பஞ்சைப் பல் பிடுங்கிய குழியில் வைத்து அழுத்தியபோது இரத்தம் நின்றது. விரைவில் அது மருந்துக் கடையிலும் விற்பனைக்கு வந்தது. நஞ்சு எப்படி மருந்தாயிற்று? விரியன் நஞ்சிலுள்ள ஒரு நொதி, எட்டையும் ஒன்பதையும் தாண்டிச் சென்று, பத்தாம் காரணியை நேரே தூண்டிவிடுகிறது. பாலம் உடைந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு மறுகரை சேர்வதைப் போன்றது இது. காயத்தின்மேல் வைத்தால் மருந்து. உடலுக்குள் சென்றால் கூற்றுவன். கடியுண்டவர் உடலில் அதே நொதி உறை காரணிகளையெல்லாம் தாறுமாறாகச் செலவழித்துவிட, இரத்தம் உறையும் தன்மையையே இழக்கிறது. பாம்பு கடித்தவரின் ஈற்றிலிருந்து இரத்தம் கசிவது இதனால்தான்.

உறை காரணிகள் ஒன்றையொன்று தூண்டிச் செல்லும் சங்கிலியை 1964 இல் விளக்கிக் காட்டியவர்களில் ஒருவர் அதே மாக்ஃபர்லேன் என்பது குறிப்பிடத்தக்கது. விரியன் நஞ்சை இப்போது பல் குழியில் வைப்பதில்லை. ஆயினும் இரத்தம் உறைவதை அளக்கும் சில ஆய்வுக்கூடச் சோதனைகளில் அது இன்றும் பயன்படுகிறது.

உறைபனியும் ஓர் எச்சரிக்கையும்

அடுத்த முன்னேற்றமும் 1964 இல்தான் வந்தது. அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற பெண் அறிவியலார், உறையவைத்த பிளாஸ்மாவைக் குளிர்நிலையிலேயே மெல்ல உருகவிட்டால் அடியில் தங்கும் வண்டலில் எட்டாம் காரணி செறிந்திருப்பதைக் கண்டார். சாதாரண இரத்த வங்கியிலேயே தயாரிக்கக்கூடிய மருந்து இது. ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962 இல் டிரானெக்சாமிக் அமிலத்தை அறிவித்திருந்தனர். உறைந்த இரத்தம் கரைவதை இது தடுக்கிறது. உமிழ்நீர் செய்யும் கெடுதலுக்கு இதைவிடப் பொருத்தமான மாற்று உண்டா? 1972 இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஹீமோஃபீலியா நோயாளிகளுக்குப் பல் பிடுங்கும்போது இதைக் கொடுத்துச் சோதித்தனர். இரத்த இழப்பும் குறைந்தது. கொடுக்க வேண்டிய காரணியின் அளவும் குறைந்தது. இன்று பேறுகால இரத்தப்போக்கிலும் விபத்துக் காயங்களிலும் உயிர் காக்கும் மருந்து இது. அதன் தொடக்கக் காலச் சோதனைக் களங்களுள் ஒன்று பல் குழி என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆனால் கதை இத்துடன் இனிதாக முடியவில்லை. 1980களில் உலகெங்கும் ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு ஓர் இடி விழுந்தது. ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தைக் கலந்து செய்த காரணி மருந்துகளின் வழியே எச்.ஐ.வி. கிருமியும் கல்லீரல் அழற்சிக் கிருமிகளும் அவர்கள் உடலில் புகுந்தன. ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்குவதற்காகப் பெற்ற மருந்தே பலருக்கு எமனாயிற்று. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் சென்னையில் 1986 இல் கண்டறியப்பட்டது. பின்னர் இரத்தத்தைச் சோதிக்கவும், மருந்தைச் சூடாக்கிக் கிருமி நீக்கவும், மரபணுப் பொறியியலால் காரணிகளைத் தயாரிக்கவும் கற்றோம். அந்த ஆண்டுகள் புகட்டிய பாடம் மட்டும் பழையதாகவில்லை. சொத்தையாகாத பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. பிடுங்காத பல்லுக்கு இரத்தம் ஏற்ற வேண்டியதில்லை.

பல் மருத்துவம் படிக்க வந்த மாணவர்

ஹீமோஃபீலியா உறைதலில் வரும் குறை. சிவப்பணுவில் வரும் பரம்பரை நோய்களும் உண்டு. அவற்றுள் ஒன்றின் வரலாறு ஒரு பல் மருத்துவ மாணவரிடமிருந்து தொடங்குகிறது.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரனடாவைச் சேர்ந்த வால்டர் கிளமென்ட் நோயல் என்னும் இளைஞர் 1904 ஆம் ஆண்டில் பல் மருத்துவம் படிக்க அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு வந்தார். அவ்வாண்டின் இறுதியில் மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்தார். பயிற்சி மருத்துவர் எர்னஸ்ட் அயன்ஸ் அவர் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் நீண்டு வளைந்து அரிவாள் போலத் தோன்றின. அவருடைய மேலாளர் ஜேம்ஸ் ஹெரிக் 1910 இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். மருத்துவ உலகில் அரிவாள் அணுச்சோகையின் முதல் விளக்கம் அதுவே. கட்டுரையில் நோயாளியின் பெயர் இல்லை. நோயலோ 1907 இல் படிப்பை முடித்து, ஊர் திரும்பிப் பல் மருத்துவராகப் பணியாற்றி, 1916 இல் நுரையீரல் நோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. பிறர் பல்லைக் காத்த அவருக்குத் தம் இரத்தத்தில் என்ன குறை என்பதை விளக்க அன்று எவராலும் முடியவில்லை.

அந்த விளக்கம் 1949 இல் கிடைத்தது. லைனஸ் பாலிங்கும் அவர் குழுவினரும் ஹீமோகுளோபின் மூலக்கூறே மாறியிருப்பதைக் காட்டினர். பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. மாறாக, மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. இதை 1954 இல் ஆலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டறிந்தார். மலேரியா மிகுந்த நாடுகளில் இம்மரபணு நிலைத்து நின்றதன் காரணம் விளங்குகிறது அல்லவா?

நீலகிரியில் தெரிந்த அரிவாள்

இது ஆப்பிரிக்க வழியினருக்கே உரிய நோய் என்றுதான் உலகம் எண்ணியிருந்தது. 1952 இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் இருவர் நீலகிரி மலைவாழ் மக்களின் இரத்தத்தைச் சோதித்து முடிவை வெளியிட்டனர். அங்கே சில பழங்குடியினரிடம் அரிவாள் தன்மை மிகுதியாக இருந்தது! இந்தியாவில் இந்நோயின் வரலாறு தொடங்கியது நம் தமிழ்நாட்டு மலை ஒன்றில்தான். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் இது கண்டறியப்பட்டது. 1980களில் மரபணுவின் அண்டைப் பகுதிகளை ஆராய்ந்தபோது, இந்தியப் பழங்குடியினரிடம் காணப்படும் வகை ஆப்பிரிக்க வகைகளிலிருந்து வேறுபட்டு, அராபியாவின் கிழக்குப் பகுதி வகையை ஒத்திருப்பது தெரிந்தது.

அரிவாள் அணுக்கள் பல்லை என்ன செய்கின்றன? விறைத்துப்போன அவை மெல்லிய இரத்தக்குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. பல்லின் நடுவே பற்கூழ் என்ற மென்பகுதி உண்டு. பல்லுக்கு உயிரூட்டுவது அதுவே. வேர் நுனியிலுள்ள சிறு துளை வழியேதான் அதற்கு இரத்தம் செல்ல வேண்டும். அக்குழாய் அடைபட்டால், சொத்தையே இல்லாத நல்ல பல்லும் உள்ளுக்குள் செத்துப்போகும். கீழ்த்தாடை நரம்பு பாதிக்கப்பட்டால் உதடும் மோவாயும் மரத்துப்போகும். சில வேளைகளில் தாடையில் கடும் வலி எழும். அதைப் பல்வலி என்று கருதி, குற்றமற்ற பல்லைப் பிடுங்கிவிடுவதும் உண்டு. இன்னொரு பக்கம், உண்மையான சொத்தைப் பல்லில் சீழ் வைத்தால், அந்தத் தொற்றே உடல் முழுவதும் வலி நெருக்கடியைத் தூண்டிவிடும். மற்ற குழந்தைக்கு ஒரு நாள் பள்ளி விடுப்பாக முடியும் சொத்தைப் பல், இக்குழந்தையை மருத்துவமனைக் கட்டிலில் கிடத்திவிடும்.

முகத்தையே மாற்றும் நோய்

மூன்றாவது நோய் தாலசீமியா. 1925 இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலியும் பேர்ல் லீயும் இதை விளக்கினர். இதில் ஹீமோகுளோபின் போதிய அளவு உண்டாவதில்லை. பற்றாக்குறையை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை இரவு பகலாக உழைத்துப் பெருக்கிறது. எலும்புகள் உள்ளிருந்து விரிகின்றன. கன்ன எலும்பு துருத்தி, மேல்தாடை முன்தள்ளி, பற்களிடையே சந்து விழுந்து, பல் வரிசை பொருந்தாமல் போகிறது. சரியான காலத்தில் முறையாக இரத்தம் ஏற்றி வந்தால் மஜ்ஜைக்கு ஓய்வு கிடைக்கும். முகம் இவ்வாறு மாறுவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஏற்றும் இரத்தத்தோடு சேரும் மிகுதியான இரும்பை வெளியேற்றவும் தனி மருந்துகள் வேண்டும். ஆகவே குழந்தை வெளுத்திருக்கிறது என்பதற்காகச் சோதனையின்றி இரும்புச்சத்து மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுப்பது சரியன்று.

இந்நோயைத் தீர்க்கும் வழியும் நம் அண்டையிலேயே உண்டு. 1986 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மாமன் சாண்டி தலைமையில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. முதலில் சிகிச்சை பெற்றது ஒரு தாலசீமியாக் குழந்தை. அதே கல்லூரியின் மருத்துவர்கள் ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளித்து, அதன் பயனை 2024 டிசம்பரில் உலகுக்கு அறிவித்தனர்.

மலைக்கு இது என்ன சொல்கிறது?

மீண்டும் கல்வராயன் மலைக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதி இரு கூறுகளை உடையது. வடக்கே சின்னக் கல்வராயன் சராசரி 2700 அடி. தெற்கே பெரிய கல்வராயன் சராசரி 4000 அடி. இங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரள மக்கள் அல்லர், மலையை ஆள்வோர் என்ற பொருளில் அப்பெயர் கொண்டவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தேறியதாக அவர்களிடையே ஒரு வழிவழிக் கதை உண்டு. 1976 வரை இம்மலை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. அதன் பிறகே அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அங்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

சிறிய சமுதாயங்களுக்குள்ளேயே மணமுடிக்கும்போது, பெற்றோர் இருவரும் ஒரே மரபணுக் குறையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. இது மலைக்கு மட்டும் உரியதன்று. அக்கா மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள சமவெளிக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். இருவரும் குறையைச் சுமப்பவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரிவாள் அணுச்சோகையோ தாலசீமியாவோ வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இது யார் குற்றமும் அன்று, சாபமும் அன்று. ஓர் எளிய இரத்தச் சோதனையால் முன்கூட்டியே அறியக்கூடிய செய்தி. 2023 ஜூலை 1 ஆம் நாள் தொடங்கிய தேசிய அரிவாள் அணுச்சோகை ஒழிப்பு இயக்கம் தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில் 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வகுத்துள்ளது. இம்மூன்று நோய்களும் 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

மலையடிவாரத்தில் கரும்பு வயல்கள். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். சாமையும் தினையும் உண்ட மலைக் குழந்தையின் கைக்கும் இன்று மிட்டாயும் இனிப்புப் பானமும் எட்டிவிட்டன. சர்க்கரையை உண்ணும் வாய்க்கிருமிகள் அமிலத்தைச் சுரந்து எனாமலை அரிக்கின்றன. நாள்தோறும் இனிப்பு மருந்து குடிக்கும் நோய்க்குழந்தைக்கு இந்த ஆபத்து இன்னும் மிகுதி; மருந்து குடித்ததும் வாயைக் கொப்பளிக்கச் செய்ய வேண்டும்.

தாய்மார் செய்யும் ஒரு தவறு

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான செய்தி. பல் துலக்கும்போது ஈற்றில் இரத்தம் வந்தால், தாய் பயந்து துலக்குவதையே நிறுத்திவிடுகிறாள். அன்பினால் செய்யும் தவறு இது. துலக்காவிட்டால் பல்லின்மேல் பசைப்படலம் படிகிறது. அதனால் ஈறு வீங்குகிறது. வீங்கிய ஈற்றில் இரத்தம் இன்னும் எளிதாக வருகிறது. பிறகு சொத்தை, பிறகு சீழ், இறுதியில் எதை அஞ்சினோமோ அந்தப் பல் பிடுங்கல்! உண்மையில், நன்கு துலக்கி வந்தால் சில நாள்களில் ஈறு உறுதிப்பட்டு இரத்தக் கசிவு குறைகிறது.

மிருதுவான தூரிகை, காலையிலும் இரவு படுக்கும்முன்னும் துலக்குதல், ஃபுளோரைடு கலந்த பற்பசை, மூன்று வயதுக்குள் அரிசியளவு, பின்னர்ப் பட்டாணியளவு. வேலங்குச்சி நல்லதுதான், ஆனால் உறைதல் நோயுள்ள குழந்தையின் ஈற்றை அதன் முனை கிழித்துவிடக்கூடும். கரித்தூளும் செங்கற்பொடியும் எவருக்கும் வேண்டா. முதல் பல் முளைத்த ஆண்டிலேயே பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற சிறார் நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் சொத்தைப் பல்லும் ஒன்று. உங்கள் குழந்தையின் வாயைத் திறந்து காட்டத் தயங்காதீர்கள்.

பல் விழுந்து இரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வது? குழந்தையை நிமிர்ந்து உட்கார வையுங்கள். சுத்தமான துணியை நனைத்து மடித்துக் குழியின்மேல் வைத்து, 15 அல்லது 20 நிமிடம் எடுக்காமல் கடிக்கச் செய்யுங்கள். அடிக்கடி கொப்பளிக்க விடாதீர்கள், உறைந்தது கரைந்துவிடும். சூடான உணவு வேண்டா. ஆஸ்பிரின் கூடவே கூடாது. அது தட்டணுக்களையும் முடக்கிவிடும். அதன்பிறகும் நிற்காவிட்டால், அது எந்த நேரமாயினும், மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். காரணத்தைச் சோதித்தறியச் சொல்லிக் கேளுங்கள். நோய் உண்டென்று தெரிந்த குழந்தைக்கு, உறை காரணி மருந்து கைவசம் உள்ள மருத்துவமனையில் மட்டுமே பல் பிடுங்க வேண்டும். கீழ்த்தாடையை மரக்கச் செய்யும் ஊசிகூட இவர்களுக்கு ஆபத்தானது; ஆழத்தில் இரத்தம் கட்டி மூச்சுக்குழலை நெருக்கிவிடலாம். சந்தையில் பல் பிடுங்குவோரிடம் எந்தக் குழந்தையையும் அழைத்துச் செல்லாதீர்கள்.

கார்டோபா மருத்துவரின் குறிப்பிலிருந்து வேலூரின் மரபணுச் சிகிச்சை வரை சுமார் ஆயிரம் ஆண்டுகள் ஓடிவிட்டன. விரியனின் நஞ்சையும் உறைபனியையும் மனிதன் மருந்தாக்கிக்கொண்டான். எனினும் மலைச் சிற்றூரின் இரவில், தாயின் கையில் உடனே இருப்பவை ஒரு தூரிகையும், ஒரு துண்டுத் துணியும், இந்த அறிவும்தான். அவற்றைக் கொண்டு சொத்தையைத் தடுத்துவிட்டால், அவள் மகனும் நாம் எறிந்ததைப் போலவே தன் பால்பல்லைக் கூரைமேல் எறிந்துவிட்டு விளையாடப் போகலாம்.